ஒன்றியப் பள்ளியும் தொலைவிலிருந்து வரும் பணமும்: கீரனூர் வட்டாரத்தில் சிறப்புத் தேவைக் கல்வியின் நிதி வரலாறு

புதுக்கோட்டைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே செல்லும் சாலையில் அமைந்த கீரனூர், குளத்தூர் வட்டத்தின் தலைமையிடமாகவும் ஒரு பேரூராட்சியாகவும் விளங்குகிறது. அதைச் சூழ்ந்த சிற்றூர்களில் பெரும்பகுதி குன்றாண்டார்கோவில் ஊராட்சி ஒன்றியத்தின் எல்லைக்குள் வருகிறது. இச்சிற்றூர்களின் தொடக்கப் பள்ளிகள் இன்றும் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்ற பெயர்ப்பலகையைத் தாங்கி நிற்கின்றன. ஆனால் அவற்றில் படிக்கும் பார்வைக் குறையோ செவிக் குறையோ உடைய குழந்தைக்கும், கால் சூம்பிய குழந்தைக்கும், அறிவு வளர்ச்சி பின்தங்கிய குழந்தைக்கும் தேவைப்படும் தனிக் கருவி, தனிப் பயிற்சி, துணையாள், போக்குவரத்து ஆகியவற்றுக்கான பணம் அந்த ஒன்றியத்தின் கருவூலத்திலிருந்து வருவதில்லை. பள்ளியின் பெயர் ஓரிடத்துக்கும் குழந்தைக்கான பணம் வேறோரிடத்துக்கும் உரியதாக இருக்கும் இந்த நிலை ஒரே நாளில் ஏற்பட்டதன்று. ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளாக, ஒவ்வொரு சட்டமும் ஒவ்வொரு திட்டமும் கடமையை ஒரு கையிலும் காசை மற்றொரு கையிலும் கொடுத்து வந்ததால் உருவானது. உள்ளாட்சி மன்றம் தன் கடமையைத் தட்டிக்கழித்தது என்று இவ்வரலாற்றைச் சுருக்கிவிடுவது எளிது. ஆனால் ஆவணங்கள் காட்டுவது அதுவன்று.

சென்னை மாகாணத்தில் உள்ளூர் வரியைக் கொண்டு பள்ளி நடத்தும் முறை 1871ஆம் ஆண்டின் தல நிதிச் சட்டத்தில் தொடங்கி, 1884ஆம் ஆண்டின் தல மன்றச் சட்டத்தில் உருப்பெற்றது. அச்சட்டம் மாவட்டத்துக்கு ஜில்லா போர்டு, வட்டத்துக்குத் தாலுகா போர்டு என மன்றங்களை ஏற்படுத்தி, நிலவரியோடு சேர்த்து வசூலிக்கப்பட்ட தலவரி என்னும் உள்ளூர் வரியைச் சாலை, மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றுக்குச் செலவிட வழிசெய்தது. கீரனூருக்கு இச்சட்டம் பொருந்தவில்லை. ஏனெனில் அது ஆலங்குடி, குளத்தூர், திருமயம் என்னும் மூன்று வட்டங்களைக் கொண்ட புதுக்கோட்டைத் தனியரசின் பகுதியாக இருந்தது. மாத்தூரைக் கடந்ததும் தொடங்கும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துச் சிற்றூரின் பள்ளிக்குத் தாலுகா போர்டு பொறுப்பேற்ற காலத்தில், கீரனூர்ப் பள்ளிக்குத் தொண்டைமான் அரசரின் தர்பாரே, அதாவது திவானின் தலைமையில் இயங்கிய அரசு நிர்வாகமே, நேரடிப் பொறுப்பாளியாக இருந்தது. 1878 முதல் 1894 வரை நிர்வாகத்தை நடத்திய சேஷையா சாஸ்திரியார் காலத்தில் தனியரசின் வருவாயும் நிர்வாகமும் சீர்செய்யப்பட்டாலும், ஊர் மக்கள் தம் வரியைத் தாமே ஒரு மன்றத்தின்வழிப் பள்ளிக்கு ஒதுக்கும் பழக்கம் எல்லைக்கு அப்பால் வேர்கொண்ட அளவுக்கு இங்கே வேர்கொள்ள வாய்ப்பில்லை.

எல்லைக்கு அப்பாலும் குறையுடைய குழந்தைக்கு அந்தப் பழக்கத்தால் பயன் விளைந்துவிடவில்லை. இங்கிலாந்தில் 1893ஆம் ஆண்டிலேயே பார்வையற்ற, காது கேளாத குழந்தைகளின் தொடக்கக் கல்விக்கென ஒரு தனிச் சட்டம் இயற்றப்பட்டு, அக்குழந்தைகளுக்குக் கல்வி தருவது உள்ளூர்ப் பள்ளி மன்றத்தின் கட்டாயக் கடமை என்றும், அதற்கான செலவை உள்ளூர் வரியிலிருந்து எடுக்கலாம் என்றும் விதிக்கப்பட்டது. அதே அரசு அதே பத்தாண்டுகளில் சென்னை மாகாணத்துக்கு வகுத்த தல மன்ற ஏற்பாட்டில் அத்தகைய பிரிவு எதுவும் இல்லை. 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் கல்வி வரி என்னும் தனி வரியை உள்ளாட்சிகள் விதிக்கவும், அதற்கு ஒத்த மானியத்தை மாகாண அரசு தரவும் இடமளித்து, விரும்பிய இடங்களில் கட்டாயக் கல்வியைக் கொண்டுவர வழி திறந்தது. ஆயினும் அக்காலக் கட்டாயக் கல்விச் சட்டங்கள் பொதுவாக, நோயையும் உடற்குறையையும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமலிருப்பதற்குரிய தக்க காரணங்களாக ஏற்றுக்கொண்டன. பெற்றோரைத் தண்டத்திலிருந்து காப்பாற்றும் சலுகையாக எழுதப்பட்ட இந்த விலக்கு, நடைமுறையில் பள்ளியையும் மன்றத்தையும் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் சலுகையாகவே அமைந்தது. வராத குழந்தைக்கு வரவு செலவுத் திட்டத்தில் இடம் தேவையில்லை.

ஆகவே முதற்பணி சமயத் தொண்டர்களிடமே விழுந்தது. பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் காது கேளாதோருக்கும் தொடங்கிய பள்ளிகள் தமிழகத்தில் முன்னோடிகள். அரசு இத்தகைய பள்ளிகளுக்கு மானியம் தந்தது. பின்னர்ப் பூந்தமல்லி, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி புத்தூர் முதலிய இடங்களில் பார்வையற்றோருக்கென அரசுப் பள்ளிகளும் எழுந்தன. இவ்வகைப் பள்ளி 'சிறப்புப் பள்ளி' எனப்படும். அதாவது ஒரே வகைக் குறையுடைய பிள்ளைகளைப் பல ஊர்களிலிருந்து ஒரு விடுதியில் சேர்த்து, அதற்கெனப் பயின்ற ஆசிரியரைக் கொண்டு கற்பிக்கும் பள்ளி. குளத்தூர் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பார்வையின்றிப் பிறந்த குழந்தை படிக்க வேண்டுமானால், அது வீட்டை விட்டு நீங்கி அத்தகைய ஒரு நகரத்துக்குச் செல்ல வேண்டும். செல்ல இயலாவிடில் திண்ணையிலேயே வளர வேண்டும். ஊர்ப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு அமர்ந்து படிக்கும் மூன்றாவது வழி யாருடைய திட்டத்திலும் இல்லை. போருக்குப் பிந்தைய கல்வி வளர்ச்சிக்கென 1944இல் வெளியான சார்ஜென்ட் அறிக்கைதான், குறையுடையோர் கல்வியை நாட்டுக் கல்வி முறையின் இன்றியமையாத பகுதியாகக் கொண்டு, குறையின் இயல்பும் அளவும் கட்டாயப்படுத்தினாலன்றிப் பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளியிலிருந்து பிரிக்கலாகாது என்ற கருத்தை முன்வைத்தது. கருத்து வந்தது; அதற்கான காசு வர மேலும் முப்பதாண்டுகள் ஆயின.

1948 மார்ச் 3ஆம் நாள் புதுக்கோட்டைத் தனியரசு இந்திய ஒன்றியத்தோடு இணைக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானபோது, கீரனூர் முதன்முறையாகச் சென்னை மாகாணத்து உள்ளாட்சிச் சட்டங்களின் கீழ் வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் அந்த உள்ளாட்சி அமைப்பே மாறியது. 1957இல் பல்வந்த்ராய் மேத்தா குழு அளித்த பரிந்துரையை ஒட்டி இயற்றப்பட்ட 1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டம் பழைய ஜில்லா போர்டுகளின் இடத்தில் வளர்ச்சி வட்டாரம் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத்தை நிறுவ, 1961க்குள் மாநிலம் முழுவதும் ஒன்றியங்கள் இயங்கத் தொடங்கின. தொடக்கக் கல்வி அவற்றின் முதன்மைப் பணிகளுள் ஒன்று. பள்ளிக் கட்டடம், கரும்பலகை, ஆசிரியர் நியமனம், இடமாற்றம், சம்பளம் ஆகியவை அனைத்தும் ஒன்றியத்தின் பொறுப்பில் இருந்தன.

இந்த ஒன்றியங்களின் நிதி அமைப்பு சற்று விரிவாகவே நோக்கத் தக்கது; ஏனெனில் கீரனூர் வட்டாரத்தின் உள்ளாட்சி வரலாற்றில் பள்ளியும் பணமும் ஓரளவேனும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலம் இதுவே. நிலவரியின்மீது விதிக்கப்பட்ட தலவரியும், ஒன்றியம் தானே உயர்த்திக்கொள்ளக்கூடிய தலவரி மேல்வரியும், அவ்வாறு திரட்டிய தொகைக்கு ஏற்ப அரசு தரும் ஈடு மானியமும், கல்விக்கென்றே வழங்கப்பட்ட தலக் கல்வி மானியமும் ஒன்றியத்துக்கு வருவாய். ஈடு மானியம் என்பது உள்ளூர் மக்கள் ஒரு ரூபாய் திரட்டினால் அரசு அதற்குக் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்த்துத் தருவது. ஏழை ஒன்றியத்துக்குக் கூடுதல் விகிதம் கிடைக்கும் வகையில் ஒன்றியங்கள் தரம் பிரிக்கப்பட்டிருந்தன. வானம் பார்த்த பூமியும் கண்மாய்ப் பாசனமுமான குளத்தூர் வட்டத்தில் நிலவரி அடிப்படையிலான வருவாய் பெருகுவதற்கு வழியில்லை என்பதால், இங்கு இம்மானியங்களின் கனம் இன்னும் மிகுதி. கல்வி மானியத்தின் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளத்துக்கே போயிற்று. எஞ்சிய சிறு தொகையில் ஓட்டுக்கூரை மாற்றுவதா, கிணறு தோண்டுவதா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய ஒன்றியப் பெருந்தலைவருக்குக் குறையுடைய ஒரு குழந்தைக்காகச் செலவிடத் தடையும் இல்லை, தூண்டுதலும் இல்லை. மானிய விதிகளில் அதற்கென ஒரு தலைப்பு இருந்திருந்தால் நிலைமை மாறியிருக்கக்கூடும். அரசாங்கக் கணக்கில் தலைப்பில்லாத செலவு நடவாத செலவு என்பது அலுவலகத்தில் பணியாற்றிய எவரும் அறிந்ததே.

வரிக்கு வெளியே மக்களிடம் நேரே திரட்டும் வழியும் அக்காலத்தில் செழித்தது. காமராசர் ஆட்சியில், பொதுக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊரார் தம் பள்ளிக்கு வேண்டியவற்றைப் பட்டியலிட்டுத் தாமே வழங்கினர்: மேசை, நாற்காலி, மணி, கடிகாரம், தண்ணீர்ப் பானை, சீருடை, நிலம். மதிய உணவுத் திட்டமும் 1956இல் ஊரார் பங்களிப்போடுதான் பரவியது. இப்பட்டியல்களில் உள்ள பொருள்கள் எல்லாம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானவை. கண்ணுக்குத் தெரியும், கைதட்டல் பெறும், கொடையாளியின் பெயரைத் தாங்கும். ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் பயன்படும் இரும்புத் தாங்கி அத்தகைய மேடையில் ஏறுவது கடினம். உள்ளூர்க் கொடை பெருந்தன்மையற்றது என்பது இதன் பொருளன்று. பொதுமைக்கு உரிய கொடை தனித் தேவையைக் காணாது என்பதே இதிலிருந்து பெறப்படுவது. இந்தக் குறைபாடு பின்னாளில் சமூகப் பங்களிப்பை நம்பி வகுக்கப்பட்ட திட்டங்களிலும் மாறாமல் தொடர்ந்தது.

1974ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. அதே ஆண்டில் நடுவண் அரசின் சமூக நலத் துறை, குறையுடைய குழந்தைகளுக்கான ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. 'ஒருங்கிணைந்த கல்வி' என்பது, குழந்தையைப் பொதுப் பள்ளியிலேயே சேர்த்து, அப்பள்ளியில் ஒரு வள அறையும் அதற்கெனப் பயின்ற சிறப்பாசிரியரும் அமைத்து உதவுவது. பள்ளி மாறாமல் குழந்தையைப் பள்ளிக்குத் தக்கவாறு ஆயத்தப்படுத்துவது அதன் அடிப்படை. 1982இல் இத்திட்டம் கல்வித் துறைக்கு மாற்றப்பட்டு, 1987இலும் 1992இலும் திருத்தப்பட்டது. 1992ஆம் ஆண்டின் விதிகளில் கண்ட தொகைகள் அத்திட்டம் ஒரு குழந்தையின் நாளை எவ்வளவு நுணுக்கமாக எண்ணிப் பார்த்தது என்பதைக் காட்டுகின்றன: நூலும் எழுதுபொருளும் வாங்க ஆண்டுக்கு 400 ரூபாய், சீருடைக்கு ஆண்டுக்கு 200 ரூபாய், போக்குவரத்துக்கு மாதம் 50 ரூபாய், பார்வையற்ற பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புக்குமேல் பாடத்தை வாசித்துக் காட்டுபவருக்கு மாதம் 50 ரூபாய், கால்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வருபவருக்கு மாதம் 75 ரூபாய், கருவிகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை 2,000 ரூபாய் வரை. எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்பது விகிதம். ஊர்ப்புறத்துப் பெற்றோருக்கு, பிள்ளையைத் தூக்கிச் சுமந்து பள்ளியில் விட்டு மாலையில் மீண்டும் தூக்கி வருவது ஒரு நாள் கூலியை இழப்பது என்பதை அந்த 75 ரூபாய் முதன்முறையாகக் கணக்கில் ஏற்றது. கூலி இழப்பை அது ஈடுசெய்யாது என்பது வேறு. இழப்பு என ஒன்று உண்டு என்று அரசு ஒப்புக்கொண்டதே ஒரு மாற்றம்.

ஆனால் இத்திட்டத்தின் செலவு முழுவதும் நடுவண் அரசின் நூறு விழுக்காட்டு உதவியாக, மாநிலக் கல்வித் துறை வழியாகவோ தொண்டு நிறுவனம் வழியாகவோ வந்தது. ஊராட்சி ஒன்றியம் இடையில் எங்கும் இல்லை. அதன் பயனாகத் தொண்டு நிறுவனம் வலுவாக இருந்த ஊர்களில் திட்டம் நடந்தது. இல்லாத ஊர்களில் அது அச்சிட்ட விதியாகவே நின்றது. 1987இல் யுனிசெஃப் உதவியோடு தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் மேற்கொள்ளப்பட்ட ஒருங்கிணைந்த கல்விச் செயல்திட்டம், ஒரு பள்ளியை அன்றி ஒரு வட்டாரம் முழுவதையும் அலகாகக் கொண்டு, அதிலுள்ள எல்லா ஆசிரியர்களுக்கும் பயிற்சி தந்து பார்த்தது. வட்டாரமே உரிய அலகு என்ற அம்முடிவு பிற்காலத் திட்டங்களுக்கெல்லாம் அடித்தளமாயிற்று. விந்தை என்னவெனில், வட்டாரத்தை அலகாகக் கண்டுகொண்ட அதே வேளையில், அந்த வட்டாரத்துக்கென இருந்த மன்றம் பள்ளியின் உயிரான பகுதியை ஏற்கெனவே இழந்திருந்தது.

அந்த இழப்பு நேர்ந்தது 1981 சூன் 1ஆம் நாள். எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஊராட்சி ஒன்றிய ஆசிரியர்கள் அனைவரும் அன்று முதல் அரசு ஊழியராக்கப்பட்டனர். சம்பளத் தாமதம், பெருந்தலைவரின் விருப்பு வெறுப்புக்கு ஏற்ற இடமாற்றம் ஆகியவற்றால் நொந்திருந்த ஆசிரியர்களின் நெடுநாள் கோரிக்கை அது. நியாயமான கோரிக்கையும் ஆகும். 1970களின் பிற்பகுதியிலிருந்து 1986 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்றிய மன்றங்கள் இல்லாமல் தனி அலுவலர்களே நிர்வகித்ததால், இம்மாற்றத்தைப்பற்றி உள்ளாட்சியின் சார்பில் பேச எவரும் இருக்கவில்லை என்பது பலரும் கவனிக்காத செய்தி. அன்று முதல் ஆசிரியர் கல்வித் துறையின் ஆளாகவும், கட்டடம் ஒன்றியத்தின் சொத்தாகவும் பிரிந்தன. சிறப்புத் தேவை உடைய குழந்தையைப் பொறுத்தவரை இப்பிரிவினையின் விளைவு கடுமையானது: கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டியவர் ஒருவர், வாசற்படியை மாற்ற வேண்டியவர் மற்றொருவர், இருவருக்கும் பொதுவான கணக்குப் புத்தகம் இல்லை.

1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் எழுபத்து மூன்றாம் திருத்தம் இந்தப் பிளவை ஒட்டவைக்கும் என்று எதிர்பார்க்க இடமிருந்தது. அத்திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பதினோராம் அட்டவணை, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களை வரிசைப்படுத்துகிறது. அதில் தொடக்க, இடைநிலைக் கல்வி 17ஆம் இனம், குறையுடையோர் நலம் அடங்கிய சமூக நலம் 26ஆம் இனம். ஒரே குழந்தை இரண்டு இனங்களில் பங்கிடப்பட்டது. இவ்வட்டவணை ஒப்படைக்கலாம் என்று சொல்கிறதேயன்றி ஒப்படைத்தாக வேண்டும் என்று கட்டளையிடவில்லை. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் கீழும் ஆசிரியரும் அவர்தம் ஊதியமும் மாநிலத் துறையிடமே தங்கின. அடுத்து வந்த 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம், தன் 26ஆம் பிரிவில், குறையுடைய ஒவ்வொரு குழந்தைக்கும் பதினெட்டு வயது வரை தக்க சூழலில் இலவசக் கல்வி கிடைக்கச் செய்யும் கடமையை அரசுகளின்மீது மட்டுமன்றி 'உள்ளாட்சி அதிகார அமைப்புகளின்' மீதும் சுமத்தியது. இந்தியச் சட்டத்தில் ஊராட்சிக்கும் இக்குழந்தைக்கும் இடையே நேரடிக் கடமை எழுதப்பட்ட இடம் அது. இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு நூற்றிரண்டு ஆண்டுகள் கழித்து இங்கே கடமை வந்தது. உள்ளூர் வரியிலிருந்து செலவிடும் ஏற்பாடு உடன் வரவில்லை.

அத்தகைய தனி வரி தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டப்படி, வீட்டு வரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரி நூலக ஆணைக்குழுவுக்கே உரியது; ஊராட்சியும் பேரூராட்சியும் அதை வேறு செலவுக்குத் திருப்ப இயலாது. கீரனூரில் ஓட்டு வீட்டுக்கு வரி கட்டும் ஒருவர், தாம் ஒருநாளும் நுழையாத நூலகத்துக்கும் தம் பங்கைச் செலுத்திவிடுகிறார். அடுத்த வீட்டுக் குழந்தையின் காதொலிக் கருவிக்கு அவ்வாறு ஒரு பைசா ஒதுக்கப்பட்டதில்லை. நூலகத்துக்கு அமைந்த அதிர்ஷ்டம், சட்டம் எழுதியவர்கள் கடமையையும் காசையும் ஒரே தாளில் எழுதியதுதான்.

2001இல் தொடங்கிய அனைவருக்கும் கல்வி இயக்கம் நிதியின் அளவை மாற்றியது. அதன் வழியை மாற்றவில்லை. குறையுடைய குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாய் என்று தொடங்கிய தொகை, 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பின் 3,000 ரூபாயாக உயர்ந்தது. அதில் குறைந்தது 1,000 ரூபாய் சிறப்பாசிரியருக்கே செலவிடப்பட வேண்டும் என்பது விதி. இத்தொகை பள்ளிக்கோ ஊராட்சிக்கோ குழந்தையின் கையிலோ தரப்படவில்லை. மாவட்ட அளவில் தொகுக்கப்பட்டு, வட்டார வள மையத்தின் வழியே சிறப்புப் பயிற்றுநர், இயன்முறை மருத்துவர், மதிப்பீட்டு முகாம், உதவிக் கருவி என்னும் சேவைகளாக மாறி வந்தது. வட்டார வள மையம் என்பது ஒன்றியத்துக்கு ஒன்றாக அமைந்த ஆசிரியர் பயிற்சி, மேற்பார்வை அலுவலகம். குன்றாண்டார்கோவில் ஒன்றியத்துக்கும் அவ்வாறு ஒன்று உண்டு.

இந்தத் தொகையைக் கணக்கிட்டுப் பார்த்தால் களத்தில் நடந்தது ஏன் அவ்வாறு நடந்தது என்பது விளங்கும். பத்துக் குழந்தைகள் உள்ள சில சிற்றூர்களுக்குச் சேர்த்து ஆண்டுக்கு 30,000 ரூபாய். அது முழுவதையும் ஒரு பயிற்றுநருக்கே கொடுத்தாலும் மாதம் 2,500 ரூபாய்தான். ஆகவே ஒருவர் பத்துக் குழந்தைகளுக்கு என்பது இயலாது. பல பள்ளிகளுக்கும் பல சிற்றூர்களுக்கும் ஒருவர் என்றே அமைய வேண்டும். அவரும் தொகுப்பூதியத்தில், அதாவது படிகளும் ஓய்வூதியமும் இல்லாத மாத ஒட்டுத்தொகையில், நிலையற்ற பணியாளராகவே இருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஒரு பள்ளிக்கும் மறுநாள் இன்னொரு பள்ளிக்கும் பேருந்திலும் வண்டியிலும் செல்லும் அவர், நடக்க இயலாத குழந்தையின் வீட்டுக்கே சென்று கற்பிக்கும் 'இல்லம் சார்ந்த கல்வி'யையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்கல்வியில் எழுத்தைவிட உடலே முதற்பாடம்: சுவரோடு சாய்த்து உட்காரவைத்தல், கையைத் தட்டில் கொண்டுபோய்ச் சோற்றை எடுக்கப் பழக்குதல், கழிப்புத் தேவையைச் சைகையால் தெரிவிக்கக் கற்பித்தல், மடங்கிய முழங்காலை நாள்தோறும் நீட்டித் தேய்க்கும் முறையைத் தாய்க்குச் சொல்லித் தருதல். பயிற்றுநர் திரும்பிச் சென்ற பின் அடுத்த முறை வரும் வரை அப்பாடத்தை நடத்துபவர் ஊதியமில்லாத அத்தாயே. எந்தத் திட்டத்தின் செலவுக் கணக்கிலும் அவருடைய உழைப்பு முழுதாக ஏறியதில்லை.

ஆண்டுதோறும் நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாமில் எலும்பு, கண், காது மூக்கு தொண்டை, மனநலம் என ஒவ்வொரு மேசையிலும் மருத்துவர் அமர்ந்து, குறையின் விழுக்காட்டைக் குறித்து அடையாள அட்டைக்குப் பரிந்துரைப்பர்; கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அலிம்கோ என்னும் அரசு நிறுவனத்தின் ஆட்கள் கால் நீளத்தை நாடாவால் அளந்து காலிபர் என்னும் கால் தாங்கிக்கும், சக்கர நாற்காலிக்கும், காதொலிக் கருவிக்கும் குறிப்பெடுப்பர். அளந்த நாளுக்கும் கருவி வந்து சேரும் நாளுக்கும் இடையே குழந்தை வளர்ந்துவிடும் என்பதுதான் இவ்வேற்பாட்டின் தீராத சிக்கல். வளரும் உடலுக்கு ஆண்டுத் திட்டத்தின் கால அட்டவணை பொருந்துவதில்லை. உள்ளூரில் அவசரத்துக்குச் செலவிட ஒரு சிறு நிதி இருப்பதன் தேவை வேறெந்த இடத்தையும்விட இங்கேதான் வெளிப்படையாகத் தெரிகிறது.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தில் கடமைக்கும் காசுக்கும் இடையேயான பிளவு இரண்டு பிரிவுகளாகவே அச்சேறியது. அதன் 9ஆம் பிரிவு, தன் எல்லைக்குள் வாழும் ஒவ்வொரு குழந்தைக்கும் கல்வி கிடைக்கச் செய்வதும் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளின் பதிவேட்டைப் பேணுவதும் உள்ளாட்சியின் கடமை என்கிறது. 7ஆம் பிரிவு, நிதி வழங்கும் பொறுப்பு நடுவண் அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் உரியது என்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் கடுமையான குறையுடைய குழந்தை வீட்டிலிருந்தே கற்கும் உரிமையைச் சேர்த்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைகளின் வகையை இருபத்தொன்றாக விரித்து, பள்ளி செல்லும் குழந்தைகளுள் குறையுடையோரைக் கண்டறிய ஐந்தாண்டுக்கொரு முறை கணக்கெடுப்பு நடத்தும் பொறுப்பில் உள்ளாட்சியையும் சேர்த்துக்கொண்டது. பதிவேடு, கணக்கெடுப்பு, கண்காணிப்பு எனக் கேட்கப்படுவதெல்லாம் தாளில் செய்யும் வேலையாக இருப்பது தற்செயலன்று.

உள்ளாட்சி உண்மையில் பணம் செலவிட்ட இடம் ஒன்று உண்டு. அது சிமெண்டால் ஆனது. 1995ஆம் ஆண்டுச் சட்டமே பொதுக் கட்டடங்களில் சாய்தளமும் சக்கர நாற்காலிக்கேற்ற கழிப்பறையும் அமைக்கச் சொன்னது. கட்டடம் ஒன்றியத்தின் சொத்து என்பதால், பழுதுபார்ப்பும் புதுக் கட்டடமும் ஊரக வளர்ச்சித் துறையின் நிதியிலும் நிதிக்குழு மானியங்களிலும் நடந்தபோது சாய்தளமும் உடன் வந்தது. இன்று தமிழகத்தின் பெரும்பாலான ஒன்றியப் பள்ளிகளின் வாசலில் இரும்புக் கைப்பிடி பதித்த ஒரு சாய்தளத்தைக் காணலாம். அதன் சரிவு சில இடங்களில் சக்கர நாற்காலியைத் தனியே உருட்டி ஏற முடியாத அளவுக்குச் செங்குத்தாக இருப்பதும், சாய்தளம் முடியும் இடத்துக்கும் கழிப்பறைக்கும் இடையே மணல் பரந்து கிடப்பதும் காணக்கூடியவையே. ஆயினும் ஒன்றியப் பொறியாளர் அளவுப் புத்தகத்தில் எழுதி, ஒப்பந்தக்காரர் பணம் பெற்று, தணிக்கையில் சரிபார்க்கத்தக்க செலவு அது ஒன்றே. அந்த நாற்காலியில் வரும் குழந்தைக்குப் பாடம் சொல்பவரின் ஊதியத்துக்கு ஒன்றியத்தின் அளவுப் புத்தகத்தில் பக்கம் இல்லை.

2018இல் பழைய இயக்கங்களெல்லாம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமாக இணைக்கப்பட்டபோது குழந்தை ஒன்றுக்கான தொகை ஆண்டுக்கு 3,500 ரூபாயாயிற்று. குறையுடைய மாணவியருக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதத்துக்கு ஊக்கத்தொகையும் உண்டு. செலவில் நடுவண் அரசுக்கு 60 பங்கு, மாநிலத்துக்கு 40 பங்கு. தொடக்க நிலையில் பத்து மாணவருக்கும் மேல்நிலைகளில் பதினைந்து மாணவருக்கும் ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்து, ஒப்பந்தப் பணி முறையையும் குறை கூறியது. 2022இல் தமிழ்நாடு அரசு 'நலம் நாடி' என்னும் செயலியைக் கொண்டுவந்து, வகுப்பாசிரியரே குழந்தையின் குறையை முதற்கட்டமாகக் கண்டறிந்து பதியும் முறையை ஏற்படுத்தியது. கண்டறிதல் வேகமெடுத்தது, வகுப்பாசிரியரின் கைப்பேசியிலிருந்து தலைநகரம் வரை தகவல் ஒரு நொடியில் செல்லும் பாதையில் பணம் மட்டும் பழைய வேகத்திலேயே எதிர்த்திசையில் வந்தது.

அந்தப் பணம் ஒரு கட்டத்தில் நின்றும் போனது. தேசியக் கல்விக் கொள்கையைச் செயல்படுத்தும் நடுவண் அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததைக் காரணமாகக் கொண்டு, 2024–25ஆம் ஆண்டுக்குரிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதியான ஏறத்தாழ 2,152 கோடி ரூபாயை நடுவண் அரசு விடுவிக்காமல் நிறுத்தியது; 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. அக்கொள்கையும் அதன் மும்மொழி ஏற்பாடும் பற்றிய அந்தப் பூசலில் எப்பக்கம் நியாயம் என்பது இங்கே ஆராயப்படும் பொருளன்று. ஆனால் தில்லிக்கும் சென்னைக்கும் இடையிலான ஒரு கையெழுத்துத் தகராறு, குளத்தூர் வட்டத்துச் சிற்றூரில் ஒரு குழந்தையின் முழங்காலை நீட்டிவிட வரும் பயிற்றுநரின் ஊதியத்தைத் தொடும் நிலையில் இருப்பது, நூற்றாண்டுக் காலமாக அப்பணத்தின் ஊற்று ஊருக்கு வெளியே வைக்கப்பட்டதன் நேர் விளைவாகும். இங்கிலாந்திலும் உள்ளாட்சிகள் சிறப்புத் தேவைக் கல்விச் செலவால் பெருங்கடனில் மூழ்கிக் கிடக்கின்றன. எனவே உள்ளூரில் கடமையும் பையும் ஒன்றாக இருப்பதே தீர்வு என்று அவசரப்பட்டுச் சொல்லவும் இயலாது. ஆயினும் அங்குள்ள பெற்றோர் யாரைக் கேட்பது என்பதை அறிவர். வழக்குத் தொடுக்கவும் முகவரி உண்டு. இங்குள்ள பெற்றோருக்குத் தலைமையாசிரியர், வள மையம், ஒன்றிய அலுவலகம், ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் நாள் எனப் பல வாயில்கள் உள்ளன. அவற்றுள் நிதி உள்ள வாயில் எது என்பதே கேள்வி.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம், ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகிய எல்லா உள்ளாட்சி மன்றங்களிலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் திருத்தங்களை நிறைவேற்றியது. இதன்படி கீரனூர்ப் பேரூராட்சி மன்றத்திலும், குன்றாண்டார்கோவில் ஒன்றிய மன்றத்திலும், அதன் கீழுள்ள ஒவ்வொரு சிற்றூராட்சியிலும் ஒரு மாற்றுத்திறனாளிக்கு இருக்கை உண்டு. அவர் முன் வைக்கப்படும் வரவு செலவு அறிக்கையில் குடிநீர், தெருவிளக்கு, சாலை, துப்புரவு, கட்டடப் பராமரிப்பு ஆகிய தலைப்புகள் இருக்கும். நூலக வரி கழிக்கப்பட்ட கணக்கும் இருக்கும். சிறப்புத் தேவை உடைய குழந்தைகளின் கல்வி என்னும் தலைப்பை அதில் சேர்க்கத் தீர்மானம் கொண்டுவர அவருக்குத் தடையில்லை. அத்தலைப்பின் எதிரே எழுதப்படும் தொகை எந்த வருவாயிலிருந்து வரும் என்பதை மட்டும் 1884 முதல் இன்று வரை இயற்றப்பட்ட எந்தச் சட்டமும் இன்னும் சொல்லவில்லை.